வீட்டில் முயலும் கினி பிக்கும் வளர்த்துக் குட்டி எடுக்கிறோம், ஒரே மாதத்தில் இரண்டு இழப்பு. தொடரலாமா, நிறுத்தலாமா?

கோபி_செல்வி

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அடம்பிடித்துக் கேட்டாள் என்று சந்தையில் ஒரு ஜோடி முயலும் ஒரு ஜோடி கினி பிக்கும் வாங்கி வந்தோம். இரண்டு வருடம் ஆகிறது. மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் கூண்டு போட்டோம். இப்போது பெரிய முயல் ஒன்பது, கினி பிக் பன்னிரண்டு. குட்டிகளை முதலில் சொந்தக்காரர்களுக்கும் மகளின் தோழிகளுக்கும் சும்மாதான் கொடுத்தோம். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். தீவனச் செலவுக்குச் சரியாக இருக்கும் அளவுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம். காலையில் புல் அறுத்துப் போடுவது மாமியார், கூண்டு கழுவுவது நான், பெயர் வைப்பது மகள். கொட்டகைக் கதவைத் திறந்ததும் கினி பிக் எல்லாம் சேர்ந்து வீக் வீக் என்று கத்துமே, அந்தச் சத்தம் கேட்காமல் எங்கள் வீட்டில் பொழுது விடிவதில்லை.

இந்த ஏப்ரலில் இரண்டு விஷயம் நடந்தது. மனசே சரியில்லை.

முதலாவது மிளகு. கறுப்புக் கினி பிக், பெண். அவளும் அவள் தங்கையும் ஒரு வருடம் போலத் தனிக்கூண்டில் இருந்தார்கள். பெரியவளாகட்டும், உடம்பு தேறட்டும் என்று நானேதான் காத்திருந்து பதினோரு மாதத்தில் ஆணோடு சேர்த்தேன். வயிறு பூசணிக்காய் மாதிரி ஆனது. 66-ஆம் நாள் காலையிலிருந்து முக்கிக்கொண்டே இருந்தாள், குட்டி வரவில்லை. பத்து மணிக்கு மேல் பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே மாடு, ஆடு பார்த்துத்தான் பழக்கம், ஈரோட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பஸ்ஸில் என் மடியிலேயே போய்விட்டாள். உள்ளே மூன்று குட்டி இருந்தது, எல்லாமே முடியோடு, நகத்தோடு, முழுசாக வளர்ந்தவை.

இரண்டாவது, சாம்பல் நிற முயல். முயலுக்கு ஒரு மாதம் என்று தெரியும், அதனால் 31-ஆம் நாள் பெட்டி வைக்கலாம் என்று இருந்தேன். அவள் 30-ஆம் நாள் ராத்திரியே கம்பி வலை மேல் ஆறு குட்டி போட்டுவிட்டாள். விடிகாலையில் பார்த்தால் மூன்று வலைக்குக் கீழே விழுந்து சில்லென்று கிடந்தன, ஒன்றின் மேல் செவ்வெறும்பு. மேலே இருந்த ஒன்றும் மதியத்துக்குள் போய்விட்டது. மீதி இரண்டைத் துணிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நான்கு நாள் ஆகிறது. தாய் பெட்டிப் பக்கமே போவதாகத் தெரியவில்லை, நாள் முழுக்க மூலையில் படுத்திருக்கிறாள். பால் கொடுக்கிறாளா இல்லையா என்று ஒரே பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருவர் மொத்தமாக எட்டு முயல்குட்டி வாங்கிப் போனார். கறிக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. கறிக்கு வளர்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மகள் பெயர் வைத்த குட்டிகள் அவை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் எங்கே தவறினேன்? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அடிவாரம்

அக்கா, முதலில் அந்த இரண்டு குட்டியைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் வத்தலக்குண்டுப் பக்கம். பதினோரு வருடமாக முயல் வளர்க்கிறேன், பெரிய பண்ணை எல்லாம் இல்லை, வீட்டோடு பத்துப் பன்னிரண்டு உருப்படிதான். தாய் முயல் நாள் முழுக்கக் குட்டியோடு படுத்திருக்காது. நாய், பூனை மாதிரி நினைத்துக்கொண்டு எல்லோரும் பயப்படுவது இங்கேதான். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை, அதுவும் விடிகாலையிலோ இருட்டிய பிறகோ பெட்டிக்குள் குதிக்கும், மூன்று நான்கு நிமிடம் பால் கொடுக்கும், போய்விடும். பால் அவ்வளவு கெட்டி, அது போதும். காட்டில் இருந்த காலத்துப் பழக்கம் அது, குட்டி இருக்கும் குழியை விட்டுத் தள்ளியே இருந்தால்தான் நரிக்கும் கீரிக்கும் இடம் தெரியாது.

பால் குடித்ததா என்று தாயைப் பார்த்துத் தெரியாது, குட்டியின் வயிற்றைப் பார்த்துத்தான் தெரியும். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து கையை நன்றாகக் கழுவி, தாயின் உடம்பில் ஒரு தடவு தடவிக்கொண்டு, குட்டியை எடுத்து மல்லாக்கப் பிடியுங்கள். குடித்த குட்டியின் வயிறு உருண்டு, தோல் இழுத்துப் பிடித்து, உள்ளே வெள்ளையாகப் பால் இருப்பதே தெரியும். குடிக்காத குட்டியின் தோல் கிழவியின் கை மாதிரி சுருங்கிக் கிடக்கும். தொட்டால் நெளிந்து துள்ளும். இரண்டு நாள் தொடர்ந்து சுருக்கமாக இருந்தால் தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் குட்டிகள் மேல் நிற்க வைத்து, அசையாமல் ஐந்து நிமிடம் தலையைத் தடவிக்கொடுங்கள், குட்டிகளே முலையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் சரிப்படவில்லை என்றால், மூன்று நாள் முன்னே பின்னே குட்டி போட்ட வேறு தாய் இருக்கிறதா பாருங்கள். அதன் முடியைக் குட்டிகள் மேல் தேய்த்து உள்ளே கலந்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

துணிப்பெட்டி வேண்டாம். நூல் காலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், எனக்கு ஒரு குட்டிக்குப் பாதம் போயிருக்கிறது. மரப்பெட்டி, ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், தாய் ஏறி இறங்கும் பக்கம் மட்டும் அரை அடிக்குக் குறையாமல் தடுப்பு. அந்தத் தடுப்பு எதற்கு என்றால், தாய் குதித்து வெளியே வரும்போது முலையைக் கவ்விக்கொண்டே ஒரு குட்டி தொங்கிக்கொண்டு வந்துவிடும், தடுப்பில் பட்டு அது உள்ளேயே விழ வேண்டும். உள்ளே நன்றாகக் காய்ந்த வைக்கோல், அதன் மேல் தாய் பிடுங்கிப் போடும் வயிற்று முடி. அவள் பிடுங்கவில்லை என்றால் முலையைச் சுற்றியிருக்கும் முடியை நீங்கள் மெதுவாக இழுத்தால் வந்துவிடும், வலிக்காது, அந்தச் சமயத்தில் அது தளர்ந்துதான் இருக்கும்.

பெட்டி வைக்க வேண்டியது 27-ஆம் நாள். 28 முதல் 32 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போடும். 31 என்பது சராசரி, நாள் குறித்துக் கொடுத்ததில்லை. சேர்த்த தேதியைக் கூண்டிலேயே சாக்பீஸால் எழுதுங்கள். 12-ஆம் நாளுக்கு மேல் வயிற்றின் இரண்டு பக்கமும் விரலால் மெல்லத் தொட்டால் திராட்சை மாதிரி உருளும், அப்படி இருந்தால் சினை. பழகாமல் அழுத்திவிடாதீர்கள். சினையே இல்லாமல் 17 நாள் வாக்கில் முடி பிடுங்கிக் கூடு கட்டுவதும் உண்டு, அது பொய்ச்சினை, ஏமாந்துவிடாமல் இருக்கத்தான் தேதி.

செவ்வெறும்புக்குக் கூண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வையுங்கள், நம் வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்கு வைப்போமே, அதே மாதிரி. தண்ணீரில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் கொசுவும் முட்டையிடாது.

இன்னொன்று அக்கா, இதைப் படிக்கும்போது கஷ்டமாக இருக்கும், ஆனால் அடுத்த முறைக்கு உதவும். சில்லென்று கிடந்த குட்டியைச் செத்துவிட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. உள்ளங்கைக்குள் வைத்து, இல்லாவிட்டால் வயிற்றோடு துணிக்குள் வைத்து அரைமணி நேரம் சூடு கொடுத்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் குட்டிகள் இருக்கின்றன. உடம்பு சூடாகிய பிறகுதான் பால். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது.

திருச்சி_பிரியன்

எங்கள் வீட்டில் முயலும் கினி பிக்கும் ஒரே கூண்டில்தான் இருக்கின்றன, ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கின்றன, கூண்டு மிச்சம். நீங்களும் சேர்த்து வைத்தால் கழுவும் வேலை பாதியாகும். சளி, தும்மல் வந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப் இரண்டு சொட்டுக் கொடுங்கள், கேட்கும்.

டாக்டர்_கவி

பிரியன் தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் இந்த இரண்டு யோசனையையும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவர், சின்ன விலங்குகள்தான் அதிகம் பார்க்கிறேன்.

அமாக்சிசிலின், பென்சிலின், ஆம்பிசிலின் இவற்றை முயலுக்கும் கினி பிக்குக்கும் வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. இந்த இரண்டுக்கும் பெருங்குடலின் முதல் பையில் இருக்கும் நல்ல பாக்டீரியாதான் புல்லைச் செரிக்க வைக்கிறது. இந்த மருந்து அதைக் கொன்றுவிட்டால் அந்த இடத்தில் கிளாஸ்டிரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சு சுரக்கும். இரண்டு மூன்று நாளில் கழிச்சல், அப்புறம் சாவு. சளியில் செத்தது என்று வீட்டில் நினைப்பார்கள், கொன்றது சிரப். நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்பட்டால் என்ரோஃப்ளாக்சசின் போன்றவை இருக்கின்றன, எடை போட்டுப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். அதேபோல நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் ஃபிப்ரோனில் இருந்தால் முயல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மூக்கிலும் காதிலும் மாவு அப்பிய மாதிரிச் சொறி வந்தால் ஐவர்மெக்டின் நன்றாகக் கேட்கும், அதுவும் எடைக்கு ஏற்றபடிதான்.

சேர்த்து வைப்பது பற்றி. முயலின் மூக்கில் போர்டிடெல்லா என்ற கிருமி சத்தமில்லாமல் இருக்கும், முயலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, கினி பிக்குக்குப் போனால் நிமோனியா. முயல் விளையாட்டாக ஒரு உதை விட்டாலே கினி பிக்கின் முதுகெலும்பு முறியலாம். தீவனமும் வேறு, முயல் பெல்லட்டில் கினி பிக்குக்கு வேண்டிய வைட்டமின் சி கிடையாது. ஒரே கொட்டகையில் இருக்கட்டும், கூண்டு தனியாக.

செல்வி அம்மா, மிளகு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அக்கறையால்தான் காத்திருந்தீர்கள். ஆனால் கினி பிக்கில் அது நேர்மாறாகப் போய்விடுகிறது, இது தெரியாமல் இழந்தவர்கள் நிறையப் பேர். பெண் கினி பிக்கின் இடுப்பில் முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடம் இளவயதில் குருத்தாக இருக்கும், பிரசவ நேரத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகிக் கொடுக்கும். ஏழெட்டு மாதத்துக்குள் ஒரு பிரசவமாவது ஆகவில்லை என்றால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு விலகாது. முயல்குட்டி கண் மூடி, முடி இல்லாமல், சுண்டுவிரல் அளவில் பிறப்பது. கினி பிக் குட்டி கண் திறந்து, பல் முளைத்து, முடியோடு, ஒவ்வொன்றும் 60 முதல் 100 கிராம் வரை பிறக்கும், அன்றே எழுந்து ஓடும். மூன்று குட்டி சேர்ந்தால் தாயின் எடையில் கால் பங்குக்குப் பக்கம். இறுகிய இடுப்பு வழியாக அது வர வழியே இல்லை. அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் பிழைப்பது கடினம். அன்றைக்குக் காலை நீங்கள் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யோசித்துக்கொண்டே இருப்பீர்கள், அந்த யோசனையை விட்டுவிடுங்கள். அடுத்தவளுக்கு மட்டும் இதை நினைவில் வையுங்கள்: அரைமணி நேரம் முக்கியும் குட்டி தலைகாட்டவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும், எங்கே போவது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

மிளகின் தங்கை இருக்கிறாளே, அவளை இனி ஒருபோதும் ஆணோடு விடாதீர்கள். இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்லும் மிக முக்கியமான விஷயம்.

ஏழு மாதம் தாண்டிய, குட்டி போடாத எந்தப் பெண்ணுக்கும் இதே விதி. குட்டி போட்டுப் பழகியவளுக்கும் ஆணைப் பிரசவத்துக்கு முன்பே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே அவள் மறுபடி சினைப்படத் தயாராகிவிடுவாள், ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் வயிற்றில் குட்டி என்று உடம்பு உருக்குலைந்துபோகும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரித்துவிட வேண்டும். அந்த வயதிலேயே தாயையும் தங்கைகளையும் சினையாக்கிவிடும், பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் மாதாமாதம் பார்க்கிறேன்.

வைட்டமின் சி பற்றியும் ஒரு வார்த்தை. நம் உடம்பைப் போலவே கினி பிக் உடம்பாலும் அதை உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், சினையாக இருந்தால் 30-க்கும் மேல். பெரிய நெல்லிக்காயில் கால் பங்கு போதும். புளிப்புக்கு முகம் சுளித்தால் கொய்யாத் துண்டு, குடைமிளகாய், கொத்தமல்லித் தழை. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை நம்ப வேண்டாம், வெளிச்சமும் வெயிலும் பட்டால் சீக்கிரமே வீரியம் போய்விடும். நொண்டி நடப்பது, தூக்கினால் கத்துவது, முடி சிலிர்த்து நிற்பது எல்லாம் குறைபாட்டின் அறிகுறி.

திருச்சி_பிரியன்

டாக்டர், சத்தியமாகத் தெரியாது. போன வருடம் ஒரு முயல் கழிச்சலில் போனது, அதற்கு முன்னால் நான் சிரப் கொடுத்திருந்தேன். இப்போதுதான் புரிகிறது. கூண்டை இன்றைக்கே பிரித்துவிடுகிறேன். செல்வி அக்கா, தப்பாகச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள்.

தாம்பரம்_அம்மா

செல்வி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் மாடியில் கூண்டு வைத்து நான்கு வருடம் குட்டி எடுத்தவள். இப்போது குட்டி எடுப்பதில்லை, ஆனால் ஏழு முயலும் நான்கு கினி பிக்கும் இருக்கின்றன. அவற்றில் ஐந்து நானே கொடுத்து, திரும்பி வந்தவை.

டாக்டரும் அடிவாரம் தம்பியும் சொன்னது உடம்பு விஷயம். நான் சொல்ல வந்தது, கொடுக்கும் விஷயம். முயல் சரியாக வளர்த்தால் எட்டு, பத்து வருடம் இருக்கும். கினி பிக் ஐந்து முதல் ஏழு வருடம். வாங்க வருபவரிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. கோடை லீவில் குழந்தை கேட்டது என்று வாங்குவார்கள், ஜூனில் பள்ளி திறந்ததும் முயல் மூலைக்குப் போய்விடும், ஆறு மாதத்தில் பருவம் வந்து ஆண் முயல் சுவரெல்லாம் சிறுநீர் அடிக்கும், கடிக்கும், அப்புறம் எனக்குப் போன் வரும். போன் வந்தவை ஐந்து. போன் செய்யாமல் எங்கேயோ விட்டவர்கள் எத்தனை பேரோ, வெள்ளை முயலை ஏரிக்கரையில் விட்டால் ஒரு ராத்திரி தாங்காது.

ஒரு முயல் திரும்பி வந்த கோலத்தை மட்டும் சொல்கிறேன். பெயர் சீனி. பிஸ்கட்டும் சாதமும் கேரட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், புல்லே கிடையாது. முயலின் பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். அவளுக்குக் கீழ்ப்பல் இரண்டும் வளைந்து மேலுதட்டைக் குத்திக்கொண்டு இருந்தன. வாயைத் திறக்க முடியாமல் மோவாய் எல்லாம் எச்சில் வழிந்து முடி உதிர்ந்து போயிருந்தது. எடை போட்டால் ஒன்றே கால் கிலோ. இப்போது மாதம் ஒருமுறை மருத்துவரிடம் போய்ப் பல்லை வெட்டிக்கொண்டு வருகிறோம். அருகம்புல்லை நறுக்கித் தட்டில் வைத்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கவாட்டில் மெல்லுவாள், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அதனால் தொடர்வதென்றால், நான் அன்று செய்யாததை நீங்கள் செய்யுங்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் முயல்குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். எட்டு வாரம் வைத்திருந்தால் இன்னும் நல்லது, பால் மறக்கும் சமயத்தில்தான் ரத்தக்கழிச்சல் வந்து கொத்துக்கொத்தாகப் போகும், அது தாண்டியதா என்று உங்கள் கண் முன்னாலேயே தெரிந்துவிடும். ஆணா பெண்ணா என்பதைக் கொடுக்கும் அன்று மறுபடி ஒருமுறை பாருங்கள், ஆறு வாரத்தில் பார்த்தது பாதி நேரம் தப்பாகிவிடும். இரண்டு பெண் என்று நான் கொடுத்த ஜோடி ஒன்று, நான்கு மாதம் கழித்து ஏழு குட்டி போட்டது, அந்த வீட்டில் என்னைத் திட்டியது நியாயம்தான். மொத்தமாகக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டாம், ஒரு வீட்டுக்கு இரண்டு. எப்போது வேண்டாம் என்றாலும் எனக்கே திருப்பிக் கொடுங்கள், பணம் கேட்க மாட்டேன் என்று சொல்லிக் கொடுங்கள். திருப்பி வாங்க எத்தனை கூண்டு காலியாக இருக்கிறதோ, அவ்வளவு குட்டிதான் உங்களால் எடுக்க முடியும். எட்டுக் குட்டி ஒரே ஆளுக்குப் போனது வலிக்கிறது என்றால், அந்த எட்டும் பிறந்தபோது அவற்றுக்கு வீடு இல்லாமல் இருந்ததுதான் காரணம்.

மகளிடம் சொல்லிவிடுங்கள் செல்வி. நான் என் மகனிடம் மறைத்தேன், அவனுக்கு வேறு யாரோ சொல்லித் தெரிந்தது, அது ரொம்ப நாள் எங்களுக்குள் இருந்தது.

அடிவாரம்

தாம்பரம் அம்மா சொன்னதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்கு மேலே என்ன போட்டிருக்கிறீர்கள் அக்கா? ஆஸ்பெஸ்டாஸ் என்றால் இப்போதே அதன் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள்.

முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். 30 டிகிரி தாண்டினாலே திணறும், கினி பிக் இன்னும் மோசம், அதற்கு நீளக் காதும் கிடையாது. மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, கொடைக்கானல் மலை. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற முயல் இனங்கள் எல்லாம் அங்கே வளர்க்கிறார்கள். நான் முதல் ஜோடி வாங்கியது அங்கேதான். போர்வை போர்த்திக்கொண்டு திரிகிற குளிரில் இருந்த முயலை மதிய பஸ்ஸில் கீழே கொண்டுவந்தேன், ஒன்று வழியிலேயே போய்விட்டது. மலையில் அவர்கள் செய்வதை அப்படியே சமவெளியில் நாம் செய்ய முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் பங்குனி பிறந்ததும் ஆண்களைத் தனியாக எடுத்துவிடுவேன், ஆடி கடைசி வரை எதையும் சேர்ப்பதில்லை. வெயிலில் ஆண் முயலின் விந்தே கெட்டுப்போகும், திரும்பத் தேற ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதையும் மீறிச் சினையானால் கடைசி வாரத்தில் தாய் சூட்டில் சுருண்டு விழும். கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு, உள்ளே ஒரு ஓட்டுத்துண்டு, அதன் மேல் வயிற்றை அப்பிக்கொண்டு படுத்துக்கொள்ளும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றிப் போடலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள், பச்சைத் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

கோபி_செல்வி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்குக் கொட்டகைக்குப் போய் விளக்குப் போடாமல் மூலையில் உட்கார்ந்தேன். சரியாக ஐந்து நாற்பதுக்கு அவள் எழுந்து, பெட்டிக்குள் குதித்தாள். நான் மூச்சே விடவில்லை. நான்கு நிமிடம் கூட இருக்காது, வெளியே வந்து காலை நக்கிக்கொண்டு, பழைய மூலைக்கே போய் எதுவும் நடக்காத மாதிரி படுத்துக்கொண்டாள். குட்டிகளை எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வயிறு கோலிக்குண்டு மாதிரி. உள்ளே பால் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான்கு நாளாக அவளைப் பொறுப்பில்லாதவள் என்று திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பெட்டியைத் தச்சரிடம் சொல்லி நீங்கள் சொன்ன அளவிலேயே செய்தாகிவிட்டது. கூண்டுக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாயிற்று. கூரை ஆஸ்பெஸ்டாஸ்தான், கீற்று போட்ட அன்றே மதியம் உள்ளே நிற்க முடிந்தது.

மிளகின் தங்கை கடுகு. டாக்டர் சொன்னதைப் படித்த அன்றைக்கு அவள் ஆணோடுதான் இருந்தாள், இரண்டு வாரம் முன்னால்தான் விட்டிருந்தேன். உடனே பிரித்துவிட்டேன். சினையாகியிருப்பாளோ என்று உயிர் கையில் இல்லை. டாக்டர், இப்போது என்ன செய்வது?

கணக்கு எழுதிப் பார்த்தேன். திருப்பி வாங்க வேண்டுமென்றால் என்னிடம் காலிக் கூண்டு இரண்டுதான் இருக்கிறது. அதனால் ஆவணி வரை எதையும் சேர்ப்பதில்லை, அப்புறமும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தாய் மட்டும்தான். மகளிடம் அந்த எட்டுக் குட்டி பற்றிச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டில் கோடு போட்டு, யார் வீட்டுக்கு எந்தக் குட்டி போனது என்று பழையதிலிருந்து நினைவுபடுத்தி எழுத ஆரம்பித்திருக்கிறாள். பதினேழு வீடு இதுவரை.

டாக்டர்_கவி

கடுகை இந்த வாரத்துக்குள் ஸ்கேன் வசதி உள்ள இடத்தில் காட்டுங்கள். மூன்று வாரத்திலிருந்தே ஸ்கேனில் தெரியும், தெளிவாகத் தெரியவில்லை என்றால் பத்து நாளில் மறுபடி. சினையாக இருந்தால் பயந்து எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம், கருப்பையை எடுப்பதா, நாள் நெருங்கும்போது தயாராக இருந்து அறுவை செய்வதா என்று நேரில் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். இந்த நேரத்தில் இடம் மாற்றுவது, தீவனம் மாற்றுவது, பட்டினி போடுவது எதுவும் கூடாது. வாரம் இருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள். ஒரு நாள் தீவனத்தைத் தொடவில்லை என்றாலும் உடனே வாருங்கள். எந்த ஊரில் பார்க்கலாம் என்பதைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கோபி_செல்வி

ஸ்கேன் பார்த்தாயிற்று, பத்து நாள் கழித்து இரண்டாவது முறையும். கடுகு சினை இல்லை. இரண்டு பெண் குட்டிகளோடு தனிக்கூண்டில் விட்டிருக்கிறேன், கொய்யா என்றால் ஓடி வருகிறாள், நெல்லிக்காயை இன்னும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள்.

முயல்குட்டி இரண்டுக்கும் பதினோராம் நாள் கண் திறந்தது. ஒன்றுக்கு இடது கண் மட்டும் பீளை கட்டி ஒட்டியிருந்தது, ஆறவைத்த வெந்நீரில் பஞ்சு நனைத்து மகள்தான் துடைத்தாள், அன்று சாயங்காலமே திறந்துவிட்டது. இரண்டையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.